கருவேலங்காட்டுக்கு ஒரு பழைய ரோட்டரி கட்டர்

"பழசு வாங்கப் போனா மொதல்ல..." என்று என் பெரியப்பா ஒன்று சொல்வார். மொதல்ல எதையோ பார்க்கச் சொல்வார். சைக்கிளிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை அவர் வாங்கியதெல்லாம் பழசு. எதுவும் அவரைக் கைவிட்டதில்லை. எதைப் பார்க்கச் சொன்னார் என்பது மட்டும் எனக்கு மறந்துபோயிற்று. அவர் சொன்னபோது நான் வேறு எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதிய இயந்திரம் வாங்குகிறவனுக்குக் கடை போதும். பழையது வாங்குகிறவன் விற்கிறவர் வீட்டில் காபி குடித்தாக வேண்டும். என்னைப் போல நாலு மாதம் ஊர் ஊராகக் காபி குடித்தவர்களுக்கு இது விளங்கும்.

விஷயம் இதுதான். பத்தொன்பது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் நானும் என் மனைவி செல்வியும் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தோம். அரியக்குடிப் பக்கம் எங்களுக்கு ஐந்து ஏக்கர். முழுக்கச் சீமைக்கருவேல். பெரிய மரங்களை ஜேசிபி வைத்துப் பிடுங்கியாயிற்று. ஆனால் ஒரு மழை பெய்தால் போதும், கன்றும் புதருமாக இடுப்பளவு எழுந்து நிற்கும். அதை அடக்க ட்ராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற ரோட்டரி கட்டர் வேண்டும். பெரிய இரும்புத் தகட்டுக்கு அடியில் கத்திகள் சுழன்று புதரைப் பொடியாக்கும். பழைய ட்ராக்டர் ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டது. கட்டர்தான் இல்லை.

செல்வி சென்னையில் பிறந்து வளர்ந்தவள். முதல் நாள் நிலத்துக்குப் போய்க் கார் கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது பாம்புச் சட்டை. கதவை மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நிதானமாகச் சொன்னாள்: "சித்திரை வரைக்கும் இருப்போம். அதுக்குள்ள அந்த நெலத்துல நான் பயப்படாம நடக்கணும். முடியலேன்னா நீங்களாவே கிளம்பலாம்னு சொல்லிடணும். என்னைச் சொல்ல வெச்சுடாதீங்க."

பவுடர்

காரைக்குடிக்கு வெளியே பழைய பண்ணைக் கருவிகள் விற்கும் ஒரு கொட்டகை. கட்டர் செக்கச்செவேலென்று நின்றது. நான் ஆங்கிலக் கையேடு ஒன்றை அச்செடுத்து, கவனிக்க வேண்டியதற்கெல்லாம் ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். கூட வந்த மெக்கானிக் மாரி அதை வாங்கிப் புரட்டினார். "இது புதுசுக்கு எழுதுனது சார்" என்று மடித்து என் பையிலேயே வைத்தார்.

பிறகு சாவியை எடுத்துக் கியர்பாக்ஸின் அடியில் லேசாகச் சுரண்டினார். பெயின்ட் உரிந்தது. அதற்குள் விரிசலை மறைக்கப் பூசிய பட்டி. பட்டிக்குள் விரல் நீளத்துக்கு வெல்டிங். கொட்டகைக்காரருக்கு வந்ததே கோபம்.

"பொண்ணு பாக்கப் போற எடத்துல பவுடரைச் சொரண்டியா பாப்பீக?"

போனில் வந்த படம்

ரோட்டரி கட்டர் என்று ஒருவர் அனுப்பிய படத்தில் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. ஒரு மணி நேரம் பயணம் செய்து, காபி குடித்து, தார்ப்பாயை விலக்கினால் உள்ளே ரோட்டவேட்டர். அது மண்ணைக் கிளறுகிற கருவி. எனக்கு வேண்டியது மண்ணுக்கு மேலே நிற்பதை வெட்டுவது. இதை நான் பணிவாக எடுத்துச் சொன்னேன். விற்கிறவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் படிப்பின் மேல் அவருக்கு வருத்தம் வந்ததைப் போலத் தெரிந்தது.

"ரெண்டும் சுத்துறதுதான சார்?"

சங்கிலி

தேவகோட்டைப் பக்கம் ஒரு விவசாயியிடம் இருந்தது நல்ல கட்டர். அன்று செல்வியும் வந்திருந்தாள், காரைவிட்டு இறங்கி வாசல் வரை. மாரிக்கும் கருவி பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பின்பக்கம் வரிசையாகத் தொங்க வேண்டிய சங்கிலிகள் ஒன்றுகூட இல்லை. கத்தியில் பட்ட கல் வெளியே தெறிக்காமல் தடுப்பவை அவைதான். எங்கே என்று கேட்டோம். கன்றுக்குட்டி கழுத்தில் ஒன்று, கேட்டில் ஒன்று, மீதி தெரியாது என்றார்.

"கல்லு பின்னாடிதான பறக்கும்? நான் முன்னாடியில்ல உக்காந்திருக்கேன்" என்றார் சிரித்துக்கொண்டே. "பின்னாடி யாராவது வந்தா?" என்றாள் செல்வி. அவர் கேட்டில் தொங்கிய சங்கிலியைத் திரும்பிப் பார்த்தார். அடுப்படிக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் மட்டும் வந்தது.

"இந்தக் கேள்விய பத்து வருசத்துக்கு முன்னாடி, இவரு சங்கிலியக் கழட்டுனப்ப வந்து கேட்டிருக்கணும் தாயி!"

நாச்சியாபுரத்தில் எனக்கு நடந்த தேர்வு

மாசியும் பிறந்துவிட்டது.  காலண்டர் தாளைத் தினமும் செல்வியே கிழித்தாள். அப்போதுதான் மாரி துப்புக் கொண்டுவந்தார்: நாச்சியாபுரத்தில் சுப்பையா என்ற பெரியவர் விற்கிறார்.

கட்டரைச் செங்கல் மேல் தூக்கி வைத்துச் சாக்குப் போர்த்தியிருந்தார். பெயின்டெல்லாம் போய்த் துரு நிறம். ஆனால் கியர்பாக்ஸில் ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. கத்திகளைச் சுழற்றும் தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடவில்லை. கத்தி தீட்டியிருந்தது, சங்கிலி ஒன்றுவிடாமல் இருந்தது. மாரி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். நாலு மாதத்தில் அவர் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

சுப்பையாவுக்கு நெஞ்சில் கோளாறு. ட்ராக்டரில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவரும் அவர் மனைவி பஞ்சவர்ணமும் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போகிறார்கள். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேருக்கு அவர் கொடுக்கவில்லை. "அவுக மெஷினைப் பாத்தாக. நான் அவுகளப் பாத்தேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஓட்டுறது யாரு? நான்தான். பின்னாடி ஆளு நிக்க விடுவீகளா? மாட்டேன். கட்டரை எறக்குறதுக்கு முன்னாடி நெலத்துல நடந்து பாப்பீகளா? "பார்ப்பேன்" என்றேன். அதுவரை அப்படி நடந்ததே இல்லை என்பதைக் குரல் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"நாங்க ரெண்டு பேரும் நடப்போம் தம்பி. ஒரு ஓரம் நானு, ஒரு ஓரம் அவ. கல்லு கெடக்கா, கம்பி கெடக்கா, பாக்கணும்ல. ஒருதடவை கவுதாரி முட்டைய அவதேன் பாத்தா. அந்த எடத்தை மட்டும் ஒரு வட்டமா வெட்டாம விட்டுட்டோம். ஊரே கேட்டுச்சு, 'என்ன சுப்பையா, நெலத்துக்குக் குடுமி வச்சிருக்க?'ன்னு."

செருப்பு

"ஒரு வரிசை வெட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார் சுப்பையா. வீட்டுக்குப் பின்னால் அவருடைய மூன்று ஏக்கர். முழங்கால் உயரத்துக்குப் புல். வெட்டுவதற்கு முன் பஞ்சவர்ணம் கையில் கம்போடு வெறுங்காலில் இறங்கினார். செல்வி ஓரத்திலேயே நின்றாள்.

"வா தாயி. செருப்பக் கழத்திட்டு வா. அதோட நடந்தா கல்லு இருக்கிறது காலுக்குத் தெரியாது."

"முள்ளு?"

"இருபது வருசமா வெட்டுறோம். முள்ளு குத்துனா அது எங்க குத்தம்."

"பாம்பு?"

"அதுக்குத்தேன் கம்பு. தட்டிக்கிட்டே வா. அதுவும் போக நேரம் குடுக்கணும்ல."

பஞ்சவர்ணம் தன் கம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு வேலியிலிருந்து இன்னொன்றை ஒடித்துக்கொண்டார். நானும் சுப்பையாவும் அவருடைய ட்ராக்டரில் கட்டரை மாட்டி முடிக்கும்வரை இரண்டு பேரும் புல்லுக்குள் போய் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஒரு தடவை செல்வி சிரித்தது கேட்டது.

திரும்பி வந்த பஞ்சவர்ணம், "நாங்க போயிட்டா ரெண்டு மழையில இது மூடிரும்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இங்குட்டு எத்தனை நாளைக்கு இருப்பீக தம்பி?" என்றார். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ராக்டரில் ஏறிக்கொண்டேன்.

சுப்பையா எல்லோரையும் தள்ளி நிறுத்தினார். கடைசிவரை ஒரு வரிசை வெட்டித் திரும்பி வந்து எஞ்சினை அணைத்தேன். பாய் விரித்ததுபோல் கிடந்தது. செல்வி அதில் தனியாக நடந்து போனாள். கம்பை எடுத்துக்கொள்ளவில்லை. எல்லை வரை போய், நின்று, மெதுவாகத் திரும்பினாள். என் பக்கத்தில் வந்த பிறகுதான் குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"ஏங்க, என் செருப்பை எங்க விட்டேன்?"

பெரியப்பா மொதல்ல எதைப் பார்க்கச் சொன்னார் என்பது எனக்கு இன்னமும் ஞாபகம் வரவில்லை, ஆனால் அது கியர்பாக்ஸாக இருக்காது என்று நினைக்கிறேன்.

கட்டரை வாங்கினேன். வருஷாவருஷம் ஆடிக்கு முன்னால் ஒருமுறை, தை கழிந்து ஒருமுறை என்று சுப்பையாவின் மூன்று ஏக்கரையும் வெட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.