தேனில் குழைத்த பிரசாதம்

எட்டு வயதுவரை, திருத்தணி முருகன் எனக்கென்று தினமும் தனிப் பிரசாதம் அனுப்புகிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். விளக்கு வைத்ததும் அம்மா வெள்ளையாக எதையோ பொடித்து, தேனில் குழைத்து என் நாக்கில் தடவுவாள். கசக்கும். வெளியே சொன்னால் சாமி கோபித்துக்கொள்ளும் என்பாள். லீவுக்குக்கூட என்னைப் பள்ளிப்பட்டு அத்தை வீட்டுக்கு அனுப்பமாட்டாள். வகுப்பில் வேறு யாருக்கும் இல்லாத சலுகை என்று எனக்குத் தலைக்கனம் வேறு.

அந்தத் தலைக்கனத்தோடு வகுப்பில் தூங்கி விழுந்தேன். வாத்தியார் சொல்லியனுப்ப, மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு கேட்கப் போன அன்று நைனாவால் தறியை விட்டு வர முடியவில்லை. துணைக்கு அத்தை வந்தாள். தன் மகனுக்கு நான்தான் என்று நான் பிறந்த அன்றே சொல்லிவைத்தவள். அவளைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு முகமே சரியில்லை.

ரத்தத்தில் தைராய்டு குறைவு என்றார் டாக்டரம்மா. ஆனால் வளர்த்தி சரியாக இருக்கிறது, கழுத்தில் வீக்கமில்லை, கூடவே செய்த இன்னொரு சோதனையிலும் குறையில்லை என்று யோசித்தார்.

"வேற மருந்து எதனா குடுக்கிறீங்களா?"

"ஒண்ணும் இல்லீங்க," என்றாள் அம்மா, அத்தையைப் பார்த்துக்கொண்டே.

அப்படியானால் ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டிவரலாம் என்று பேனாவைத் திறந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு மாத்திர வேணாம். மலைப் பிரசாதமே கசக்குது," என்றேன்.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார். துருவித் துருவிக் கேட்டதில், அம்மா இடுப்பில் செருகியிருந்த பழைய மருந்துச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எனக்கு இரண்டு முறை வலிப்பு வந்திருக்கிறது. பிரசாதம், அதைத் தடுக்கக் கொடுத்த, தூக்கம் வரவைக்கும் மருந்து. வலிப்பு என்ற சொல் அத்தை காதில் விழுந்தால் சம்பந்தம் கைவிட்டுப் போகும் என்று அம்மாவுக்குப் பயம்.

"இந்த மருந்தே தைராய்டக் கொறச்சுக் காட்டும்மா. கொழந்தைக்கு அந்த நோய் இல்ல. தூக்கமும் இதாலதான். நீங்களா நிறுத்திடாதீங்க, அளவ நான் கொறைக்கிறேன்."

ஊர் திரும்பும் பஸ் கனகம்மாசத்திரம் தாண்டியது. பிறகு அத்தை என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"இந்த லீவுக்கு இவள அனுப்புங்க அண்ணி. எவ்ளோ தேன்ல கொழைக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் ரகசியத்தை உடைத்ததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். ஜன்னலில் மலை தெரிந்ததும், முருகனிடம் மன்னிப்புக் கேட்டு அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.