அமலா போட்ட பூட்டு

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தேவநாதனின் ஜெராக்ஸ் கடையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு வயது. ஆன் செய்தால் கரும்பு லாரி மேடேறுகிற மாதிரி முனகும். அதில் விண்டோஸுக்குப் பதில் காசில்லாத லினக்ஸ் போட்டு ஓட வைத்தவள் அமலா. பத்தாவதில் கணக்கில் கவிழ்ந்தவள். பிரம்மதேசத்துப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவள், ஞாயிற்றுக்கிழமை இலவச கம்ப்யூட்டர் வகுப்பில் இதைக் கற்றுக்கொண்டாள். மகள் சர்ச் பூசைக்குத்தான் போனாள் என்று அவள் அம்மா இன்றைக்கும் நம்புகிறார். நாமும் சொல்ல வேண்டாம்.

அமலா மூன்று வருடமாக உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு இப்போது ஆபத்து.

விழுப்புரத்திலிருந்து சர்வீஸுக்கு வரும் பாண்டுரங்கன், போன வாரம் அவள் இல்லாத நேரம் பார்த்து, ஸ்கேனருக்கென்று ஒரு புது புரோகிராமைப் பென் டிரைவிலிருந்து வம்படியாக ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அது இந்த மெஷினில் இருப்பதைவிடப் புதிய லினக்ஸுக்குச் செய்தது. மறுநாளே ஸ்கேனர் திறக்கவில்லை. பிரிண்டரும் வாயை மூடிக்கொண்டது.

இன்று அவரே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார், அவள் நாற்காலியில்.

"மொத்தமா அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடலாம் சார். எங்க அக்கா பொண்ணு அஸ்வினி டிகிரி முடிச்சிட்டு சும்மாதான் கீறா. அவளே வந்து பாத்துக்குவா."

தேவநாதன் அமலாவைப் பார்க்காமல் கூரையில் சுற்றும் விசிறியைப் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள சரியாவலன்னா வேற என்னாம்மா பண்றது? ஜனம் வந்து திரும்பிப் போவுது."

"யார் கெடுத்தாங்கன்னு கேக்கவே மாட்டீங்களா மொதலாளி?"

"நான் கெடுத்தனா?" பாண்டுரங்கன் தட்டிக்கொண்டே சொன்னார். "இதோ, ஸ்கேனர் புரோகிராமுக்கு அடியில இருக்கறதையும் புதுசாக்கிட்டா முடிஞ்சிது. சரின்னு ஒரு ஒய் அமுக்குனா போதும்."

"அண்ணா, கைய எடுங்க."

"ஏம்மா?"

"திரையில என்னா எழுதிக்கீதுன்னு படிச்சீங்களா? இருநூத்திப் பன்னெண்டு புரோகிராமை எடுத்துடப்போறேன், சரியான்னு கேக்குது. டெஸ்க்டாப்பும் அதுல கீது. ஒய் அமுக்குனா கறுப்புத் திரைதான். அப்புறம் அழிக்கிறதுக்குன்னு நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்."

பாண்டுரங்கனின் விரல் அந்தரத்தில் நின்றது. அமலா குனிந்து, வேண்டாம் என்பதற்கான 'என்' எழுத்தைத் தானே அமுக்கினாள். "எழுந்திரிங்க. அது என் சீட்டு."

அவர் எழுந்தார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

ஒரு பழைய விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் அமலா வரிசையாக எழுதினாள். ஸ்கேனர் புரோகிராம் துணைக்கு லைப்ரரி என்கிற புதுக் கோப்பு ஒன்றைக் கேட்கிறது. அந்த லைப்ரரி அதற்கு அடியில் இன்னொரு புதுசைக் கேட்கிறது. அந்த அடித்தளத்தின் மேல்தான் மொத்த மெஷினும் நிற்கிறது. அது நகராது.

இந்த வரிசை அவளுக்குப் பழக்கமானது. சாதிச் சான்று கேட்டுப் போனபோது அப்பாவின் சான்று கேட்டார்கள். அதற்குப் போனால் அப்பாவின் பள்ளிச் சான்று. அப்பா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்துதான் பார்த்தவர், அதுவும் வெள்ளையடிக்கப் போனபோது. நாலு வருடம் அலைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: முதல் ஆளிடம் கெஞ்சி லாபமில்லை, வரிசையின் கடைசியில் யார் நகரமாட்டேன் என்கிறார்களோ அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அடித்தளம் நகராது. சரி, மேலே இருப்பவன் இறங்கட்டும். பாண்டுரங்கன் ஏற்றியதைத் தூக்கிவிட்டு, பழைய லைப்ரரியை அதன் பதிப்பு எண்ணோடு திரும்பக் கேட்டாள்.

மெஷின் மறுத்தது. எதையோ நகரக் கூடாதென்று நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னது.

"நான் சொல்லல?" என்றார் பாண்டுரங்கன், சந்தோஷம் தாங்காமல்.

யார் நிறுத்தி வைத்தது என்று தேடினாள். பட்டியலில் ஒரே பெயர், பிரிண்டரை இயக்கும் டிரைவர் புரோகிராம். அவள் காது சூடானது. ஆறு மாதம் முன்பு ஒரு அப்டேட்டில் பிரிண்டர் படுத்துக்கொண்டபோது, இனி யாரும் இதைத் தொடக்கூடாது என்று பூட்டுப் போட்டு வைத்ததே அவள்தான். போட்டதோடு மறந்தும் போனாள். லைப்ரரி பழையதற்குத் திரும்பினால் அதோடு டிரைவரும் நகர வேண்டும்; பூட்டு விடவில்லை.

சொல்லாமல் திறந்துவிடலாம். யாருக்கும் தெரியாது.

"மொதலாளி, பாதி பேஜாரு அண்ணனது. பாதி என்னுது. இந்தப் பூட்டு நான் போட்டது."

"பாத்தீங்களா சார்!"

"போட்டவளே தொறக்கறேன், இருங்க."

பூட்டை எடுத்தாள். மறுபடி கேட்டாள். இந்த முறை நீக்கப்போவது ஒன்றுமில்லை, மாற்றப்போவது இரண்டு என்றது. மூன்று தரம் படித்துவிட்டு 'ஒய்' அமுக்கினாள். பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, போன வாரம் விழுங்கிய விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகத் துப்பியது. ஸ்கேனரும் கண் திறந்தது.

பாண்டுரங்கன் பையை மாட்டிக்கொண்டார். "இதெல்லாம் எங்கம்மா படிச்ச?"

"சர்டிபிகேட்டுக்கு நாலு வருஷம் அலைஞ்சிக்கீறீங்களா அண்ணா? இல்லல்ல? உங்களுக்குச் சொன்னாப் புரியாது. அஸ்வினி வரட்டும், சொல்லித் தர்றேன். நாற்காலி மட்டும் அவளே எடுத்துக்கினு வரணும்."

தேவநாதன் விசிறியிலிருந்து கண்ணை இறக்கி, "பென் டிரைவை எடுத்துக்கினு போங்க சார்" என்றார். அவருக்கு அதுவே பெரிய வீரம்.

வாசலில் காலையிலிருந்து மஞ்சள் பையோடு நின்றிருந்த ஜெயம் உள்ளே வந்தார். மகளின் சான்றுக்கு விண்ணப்பம் போட வந்தவர். இதோடு மூன்றாவது நடை.

"இன்னிக்காவது மெசினு வேலை செய்யிதாம்மா?"

"செய்யும் பெரிம்மா. உக்காருங்க." அமலா நாற்காலியை அவருக்குத் தள்ளிவிட்டு, நின்றபடியே இன்னொரு விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டாள். "கடைசியா எந்தப் பேப்பரைக் கேட்டு அனுப்புனாங்க? அதுலேர்ந்து சொல்லுங்க."