கொயினாவுக்கு நாற்பத்தொரு வசவு

ரங்கூன் கலவரத்தில் என் சகலை உயிரோடு தப்பியதே பெரிது. சான்றிதழ் இருந்த டிரங்குப் பெட்டி தப்பவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் டிரெஸராகக் கட்டுப்போட்டு மருந்து கலக்கியவர், பிரிக்பீல்ட்ஸில் என் ரயில்வே வீட்டுக்கு வந்து நாற்பத்தேழு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார்கள். வேலை கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆள் குறைக்கிற காலம். பதினொரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பத்துக்குப் பதிலே இல்லை. தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் மட்டும், காகிதம் இல்லாவிட்டால் வேலையைச் செய்து காட்டட்டும் என்று எழுதியிருந்தார்.

அவர் வைத்த சோதனை இதுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாருக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கான கசப்பு மருந்து, கொயினாத் தண்ணீர், கொடுக்க வேண்டும். ஒருவரும் துப்பக் கூடாது. முந்திய டிரெஸர் காலத்தில் பாதிப் பேர் கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்பிவிடுவார்களாம். தோட்டத்தில் காய்ச்சல் குறையவே இல்லை.

சோதனைக்கு முதல் நாள் இரண்டு பேரும் கிள்ளான் ரயிலில் போகும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"சகலை, முழுங்கினவங்க வாயைத் திறந்து பேசணும். ஆம்பளைங்க அப்பன் பேரைச் சொல்லட்டும், பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்லட்டும். பேசாதவங்களுக்கு இன்னொரு அவுன்ஸ்."

"பிரமாதம் சகலை!" என்றார்.

இரண்டு பேரும் கல்யாணமானவர்கள். பதினாறு வருஷத்தில் என் மனைவி ஒரு தடவைகூட என் பேரைச் சொன்னதில்லை. என் வீட்டில் நான் "இந்தாங்க", சகலை வீட்டில் அவர் "ஏங்க". அது எங்கள் இரண்டு மண்டைக்கும் எட்டவில்லை.

ஆண்கள் ஐம்பத்துமூன்று பேர் சிக்கலில்லாமல் முடிந்தார்கள். முதல் பெண் குடித்தாள். "புருஷன் பேரு?" என்றார் சகலை. அவள் வாயை இறுக மூடித் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடக்கி வச்சிருக்கா," என்றேன் பின்னாலிருந்து. அவளுக்கு இன்னொரு அவுன்ஸ். அடுத்தவள் மயில்போல் கழுத்தை ஆட்டி, கையில் வேல் பிடித்துக் காட்டினாள். அவளுக்கும் இன்னொரு அவுன்ஸ். மூன்றாமவளுக்கும் அப்படியே. துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

நான்காவதாக நின்றவள் வரிசையிலேயே மூத்தவள். இரண்டாவது அவுன்ஸ் நீண்டதும் வெடித்தாள்.

"யோவ், கட்டினவன் பேரை உன் பொண்டாட்டி சொல்லுவாளாய்யா? மருந்து குடுக்க வந்தியா, குடும்பத்தைக் கெடுக்க வந்தியா? கொள்ளையில போற கொயினா!"

சகலை கிளாசோடு விழித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "அக்கா, உங்க வாய் காலி! பேரே வேணாம். முழுங்கினதும் என்னைத் திட்டுங்க, அது போதும்."

"நெசமாவா?"

"எவ்வளவு வேணும்னாலும்."

அப்புறம் கொயினாவைப் பாயசம் மாதிரிக் குடித்தார்கள். முதல் மூன்று பேரும் திரும்பி வந்து, இரண்டு அவுன்சுக்கு இரண்டு வசவு உண்டென்று நியாயம் கேட்டார்கள், வாங்கிக்கொண்டார் சகலை. முப்பத்தெட்டுப் பெண்கள், நாற்பத்தொரு வசவு. அதில் ஆறு எனக்கே புதிது.

"எங்களுக்கு மட்டும் அப்பன் பேராய்யா?" என்று ஆண்கள் பக்கம் முறையீடு எழுந்தது.

துரை குனிந்து குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கொயினா துப்பிய தடம் ஒன்றுகூட இல்லை. வெற்றிலைக் கறை பதினான்கு இருந்தது. அதைச் சேர்க்க வேண்டாமென்று கெஞ்சினேன். அவர் கிளாசை வாங்கி, தானும் ஒரு அவுன்ஸ் குடித்தார். முகம் கோணிற்று. பிறகு, தோட்டத் துரைகளுக்கு வைக்கும் பரீட்சைக்குப் படித்த தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"கொள்ளையில போற கொயினா."

வரிசை முழுவதும் கைதட்டியது. "திங்கட்கிழமை வேலைக்கு வா," என்றார் சகலையிடம்.

அன்றே சகலை நாகப்பட்டினத்துக்குக் கடிதம் எழுதினார்: வேலை கிடைத்தது, பிள்ளைகளோடு கப்பல் ஏறு. எப்படிக் கிடைத்தது என்று எழுதச் சொன்னேன். "அவ வந்து தோட்டத்துல கேட்டுக்கட்டும் சகலை," என்று உறையை ஒட்டிவிட்டார்.