களை மாஸ்டரின் கை

பூங்காவில் அவரை எல்லோரும் களை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை மேற்பார்வையாளரே மறந்துவிட்டார். இருபத்தாறு வருடமாகப் பூப்பாத்திகளைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். நமக்கெல்லாம் கண் பார்த்து, மூளை யோசித்து, அப்புறம்தான் கை நீளும். அவருக்கோ களையைக் கண்டால் கை முதலில் போய்விடும். மற்ற இரண்டும் ஆடி அசைந்து பின்னால் வந்து சேரும்.

பஸ் நிறுத்தத்தில் நின்றால் நடைபாதை இடுக்கில் முளைத்திருப்பதைப் பிடுங்குவார். தாடை வீங்கிப்போய்ப் பல் டாக்டர் வாசலில் காத்திருந்தபோதும் அங்கிருந்த தொட்டியைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் உள்ளே போனார். கல்யாணமான புதிதில் மாமனாரோடு தோட்டத்தில் பேசிக்கொண்டே நின்று, மாமியார் ஆசை ஆசையாய் வளர்த்த ஏதோ நாற்றை ஒரு வரிசை முழுக்கப் பிடுங்கி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டார். மாமனார் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போனார். மாமியார் கண்ணை மூடும்வரை அதை மறக்கவில்லை.

மனைவிக்குச் சலவை நிலையத்தில் இஸ்திரி வேலை. ஒரே மகள், பதினேழு வயது, வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். "அப்பா, என் தலையில பச்சையா ஏதாவது தெரிஞ்சா சொல்லு, நானே எடுத்துக்கறேன். நீ கையை மட்டும் நீட்டிடாத" என்பாள். பள்ளி விட்டதும் நேரே பூங்காவுக்கு வந்துவிடுவாள். காய்ந்த பூக்களை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதிவிட்டு, விதையை மட்டும் நோட்டுத் தாளில் செய்த உறையில் போட்டு ஒட்டுவாள். மேலே பெயர் எழுதுவாள். சும்மா பெயரோடு விட மாட்டாள், நக்கலாக ஒரு வரியும் சேர்ப்பாள்.

போன வருடக் கோடை முடிவில் அப்படிப் பதினோரு உறை சேர்த்தாள். சாமந்தி, வெங்காயம், கேரட், கீரை, அமுக்கினால் வாயைத் திறக்கும் அந்தப் பூ, இன்னும் சில. பரீட்சை குறுக்கே வந்துவிட்டது. அடுத்த இலையுதிர் காலத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். வசந்தத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பதே நாள்தான்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்றிருந்த அவரை நர்ஸ் வந்து கூப்பிட்டாள். அவர் கை நிறையக் களை. முற்றத்துத் தொட்டிகள் அத்தனையையும் சுத்தம் செய்திருந்தார். எப்போது செய்தார் என்று அவருக்கே தெரியாது. வேர் மண்ணோடு அதைப் பிடித்துக்கொண்டேதான் வார்டுக்குள் போனார், யாரும் அதைக் கீழே போடச் சொல்லவில்லை.

அதன் பிறகு மனைவி வேலைக்குப் போகவில்லை. குடியிருப்பின் பின்வாசலைத் திறப்பதும் இல்லை. அங்கே இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு பாத்தி உண்டு. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். அவள் ஜன்னலையும் சாத்திவிட்டாள். சமைத்தாள், சாப்பிட்டதாகச் சொன்னாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவர் காலையில் போய் மாலையில் வந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மரங்கள் இலையை உதிர்க்க ஆரம்பித்ததும் அவருக்கு உள்ளே பதைப்பு ஏறியது. பூங்காவில் விதைப்பு வேலை தொடங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, குளிர் இறங்கறதுக்குள்ள அவ விதையைப் போட்டுடலாமா?"

"திறக்காதீங்க."

"வெங்காய விதையெல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல தாங்காதும்மா. வச்சிருந்தா வீணாப் போயிடும்."

"அவ கையால ஒட்டின உறைங்க. திறக்காதீங்கன்னா திறக்காதீங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "டப்பா அலமாரியிலதானே இருக்கு?" என்று கேட்டார்.

"அலமாரியில எதுக்கு? ஈரம் பட்டா விதை போச்சுன்னு நீங்கதானே சொல்லுவீங்க. பாய்லர் மேல வச்சிருக்கேன். அன்னையிலேர்ந்து அங்கதான் இருக்கு. பத்திரமா இருக்கு."

சலவை நிலையத்தில் அப்படித்தான். ஈரம்தான் அவர்களுக்கு எதிரி. நல்ல துணி, முக்கியமான துணி எதுவானாலும் பாய்லர் மேல் மடித்து வைப்பார்கள். இருபது வருடப் பழக்கம். வீட்டு அடுப்படியில் வெந்நீர் பாய்லர் இரவும் பகலும் சூடாகவே இருக்கும். அவர் எட்டி டப்பாவைத் தொட்டார். விரல் சுட்டது. ஈரத்தைப் பற்றிச் சொன்னவர், சூட்டைப் பற்றி ஒருநாளும் சொல்லியிருக்கவில்லை. ஆறு மாதம் அந்த விதைகள் அங்கே வெந்திருக்கின்றன. அவர் கையைக் கீழே இறக்கினார்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒவ்வொரு உறையின் மூலையையும் பிளேடால் கீறிப் பத்துப் பத்து விதை எடுத்தார். திருட்டுத்தனமாகக் கோந்து தடவி மறுபடியும் ஒட்டினார். பூங்காக் கொட்டகையில் பழைய விதையைச் சோதிப்பதற்கு ஒரு வழி உண்டு. பத்து விதையை ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி மூடிவிடுவார்கள். எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்து என்றால் நெருக்கமாகத் தூவலாம். இரண்டு என்றால் குப்பைக்குப் போகும். பதினோரு துணிகளைச் சுருட்டினார். ஏழாம் நாள் பிரித்துப் பார்த்தார். மெதுவாக முளைக்கிற சாதியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்தாம் நாளும் பார்த்தார். பதினாலாம் நாள் துணியைப் பிரித்ததும் அழுகல் வாடை அடித்தது. நூற்றுப்பத்து விதையில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய், மண்வெட்டிகள் சாத்தியிருந்த சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

இதை அவளிடம் சொல்லவே கூடாது, டப்பா அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தார். பின்வாசல் திறந்திருந்தது. அவள் தலை வாரி, பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா.

"இன்னிக்கு எல்லா உறையையும் எடுத்துப் படிச்சேங்க. இதைக் கேளுங்க. 'சாமந்தி. இலையுதிர் காலத்துல போடணும். மறந்தீங்க, ரெண்டு பேர்கிட்டயும் பேச மாட்டேன்.' பேச மாட்டாளாம்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "போட்டுடலாங்க."

சொல்லிவிட அவர் வாயைத் திறந்தார். அவள் அடுத்த உறையைக் கையில் எடுத்திருந்தாள்.

"இது உங்களுக்கு. 'கீரை. முளைக்கும்போது களை மாதிரியே இருக்கும். அப்பா, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு.'"

அவள் சிரித்தாள். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. அது வரும்போதே பாதி அழுகையாக இருந்தது, இருந்தாலும் சிரிப்புதான். அதற்குமேல் அவரால் எப்படிச் சொல்ல முடியும்? போய் மண்வெட்டியை எடுத்து வந்தார்.

இரண்டு பேரும் பாத்தியைக் கொத்தி, கட்டியை உடைத்து, மண்ணைச் சல்லடையில் சலித்தார்கள். வெங்காயத்துக்கு விரலால் கோடு போட்டுக் கொடுத்தார். வாய் திறக்கும் பூவின் விதை தூசி மாதிரி இருக்கும், அதை மண் போட்டு மூடக் கூடாது, மேலே தூவிப் பலகையால் அழுத்தினால் போதும் என்றார். அவள் முழங்காலிட்டு, இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பது போலப் பலகையைப் பிடித்து, ஒரு மடிப்பு விழாமல் அழுத்தினாள். உள்ளே ஒரு உயிர் இல்லை என்று தெரிந்தே அவர் பதினோரு வரிசையையும் ஒழுங்காகப் போட்டார். ஆழம் பிசகவில்லை, இடைவெளி பிசகவில்லை. காலியான உறைகளை அவள் இஸ்திரி போட்டுத் தட்டையாக்கி டப்பாவில் திருப்பி வைத்தாள்.

அப்புறம் தினமும் விடிந்ததும் அவள் ஜன்னலைத் திறந்தாள். "இன்னும் இல்லங்க" என்பாள். "வெங்காயம் லேட்டாத்தான் வரும்" என்பார் அவர். மறுநாள் கேரட் லேட்டாக வரும். அதற்கு மறுநாள் மண் சூடு போதவில்லை. பொய் சொல்லிப் பழகாத மனிதர், சொல்லச் சொல்லச் சரளமாகவே வந்தது.

ஒருநாள் பூங்காக் கொட்டகையிலிருந்து புது விதை ஒரு பிடி அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அதே சாமந்தி, அதே கீரை. அவள் தூங்கும்போது தூவிவிட்டால் ஒரு வாரத்தில் பச்சை தெரியும். வாசல் வரை வந்து நின்றார். முளைப்பது நகராட்சியின் சாமந்தியாக இருக்கும். மகள் கசக்கி ஊதி எடுத்ததாக இருக்காது. அதைக் காட்டி அவளிடம், உன் மகள் சேர்த்த விதை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போய்க் கொட்டகையிலேயே கொட்டினார்.

பதினெட்டாம் நாள் காலை, பின்வாசலிலிருந்து சத்தம்.

"ஏங்க! ஓடி வாங்க! வந்துடுச்சு!"

கீரை வரிசையின் ஓரத்தில் இரண்டு இலை. அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எந்த நடைபாதையிலும் முளைக்கும், யாரும் பெயர்கூடக் கேட்காத களை. பூங்காவில் அதற்கு 'வாடகை கொடுக்காதவன்' என்று பெயர். இருபத்தாறு வருடத்தில் லட்சம் பிடுங்கியிருப்பார்.

"களை மாதிரி இருக்குல்ல?" என்றாள் அவள், முகம் பூராவும் பூரித்துப்போய். "அவ எழுதினது சரியாத்தான் இருக்கு பாருங்க. கீரைதானே?"

"கீரைதான்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் அதற்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். குனிந்து ஏதோ பேசினாள். அவர் வந்தால் நிறுத்திக்கொள்வாள். ஒரு வேளை சோறு ஒழுங்காகச் சாப்பிட்டாள். அரை நாள் சலவை நிலையத்துக்கும் போய்வந்தாள். அவர் அந்தக் களைக்குச் சருகு அணைத்து, காற்றுக்கு ஆடாமல் ஒரு குச்சியும் நட்டார். மேற்பார்வையாளர் பார்த்திருந்தால் வேலையை விட்டே அனுப்பியிருப்பார். தன் கையை நம்பாமல், பின்வாசலைத் திறக்கும்போதே இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொள்வார். களை ஆறு இலை விட்டது. அவளைப் பார்க்க அவருக்குப் பயமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். குடியிருப்புக் குழாய்களைப் பழுது பார்க்கிறவர். இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சருகைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"மாஸ்டர், உங்க வீட்டுக் குழாய் இன்னும் சொட்டுதா?"

"சொட்டுதாவா? ராத்திரி பூராவும் கச்சேரி. நீங்க வந்து பார்த்துட்டுப் போனதுலேர்ந்து ரெண்டு பக்கமும் சொட்டுது."

"அடப்பாவமே! நான் ஒரு வாஷர்தானே மாத்தினேன்?"

"அந்த வாஷரை உங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. எங்களுக்குப் பழைய சொட்டே போதும்."

பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவரும் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து அந்த ஒரு நிமிடம் மகள் அவர் நினைவில் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை, பாய்லர் இல்லை. வெயிலும் வாஷரும் சிரிப்பும்தான் இருந்தன.

சிரித்து முடித்துக் குனிந்தபோது அது அவர் கையில் இருந்தது.

நன்றாகத்தான் பிடுங்கியிருந்தார். தண்டின் அடியைப் பிடித்து, லேசாகத் திருகி, ஆணிவேர் அறுபடாமல். அப்படிப் பிடுங்கினால் மறுபடி துளிர்க்காது. புதிதாக வருகிறவர்களுக்கு அவர் அப்படித்தான் செய்துகாட்டுவார். குச்சி மட்டும் தனியாக நின்றது.

தலையைத் தூக்கினார். அடுப்படி ஜன்னலில் அவள் நின்றிருந்தாள். கையில் தண்ணீர் டம்ளர். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ புரிந்து மெல்ல நகர்ந்துவிட்டார். அவள் படி இறங்கி வந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"கை... கை தானா..." என்றார்.

அவள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டவில்லை.

"இது அவ விதை இல்லன்னு எனக்குத் தெரியுங்க" என்றாள். "சலவை நிலையத்துக்குப் போற வழியெல்லாம் இதான் முளைச்சிருக்கு. எனக்குக் கண்ணு இல்லையா?"

அவர் மண்ணைப் பார்த்தார்.

"ஆனா இருந்துச்சுல்ல" என்றாள். "தினமும் வந்து பார்த்தா, இருந்துச்சு."

அவர் விரலால் குழி தோண்டினார். அவள் அதைக் குழியில் நிறுத்திப் பிடித்தாள். மண்ணை அணைத்து, குச்சியோடு நூலால் கட்டினார்கள். டம்ளர் தண்ணீரை அவள் மெதுவாக ஊற்றினாள். தான் பிடுங்கியது எதுவும் இதுவரை பிழைத்ததில்லை என்று அவருக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் அது தலை சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அவர்தான் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனார். அவள் ஜன்னலைத் திறக்கவில்லை.