ஆற்றைப் பார்த்து விழுந்தவனுக்காகப் பேசியவர்

லூர்துசாமி சார் தவறிவிட்ட செய்தி வந்தபோது நான் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் என் கறிக்கடையில் ஆட்டுத் தொடை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மீன் கடைச் சீனர்தான் போனை எடுத்து என்னைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் சாரின் மகள். "அங்கிள், அப்பா காலைல போயிட்டாங்க" என்றது. பாதியில் நின்ற கறியை மகனிடம் விட்டுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சார் வீடு இருந்த ஈசூனுக்குப் பஸ் ஏறினேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாரின் முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். நான் சொல்கிறேன், அவர் மகள் எழுதுகிறது. அவரை அறிந்தவர்களில் பாதிப் பேர் அவரை ஏசியவர்கள், சிலர் அடித்தவர்கள். அவர்களும் படிக்கட்டும்.

அவரை நான் முதலில் பார்த்தது கடல் தாண்டிப் போன எல்லை முகாமில். வெள்ளைக்காரர் நடத்திய படை அது, சிங்கப்பூர்த் தமிழர் கொஞ்சம் பேர் அதில் இருந்தார்கள். நான் சமையற்காரன். சார் உளவுப் பிரிவில் அதிகாரி. பிடிபட்டவர்களை விசாரிப்பதும், ஒரு இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்துச் சொல்வதும் அவர் வேலை. யாரையும் முதலில் கேள்வி கேட்கமாட்டார். காயத்தைப் பார்ப்பார், பிறகு தரையைப் பார்ப்பார், கடைசியில்தான் ஆட்களைக் கேட்பார். "மனுஷன் பேசறதுக்கு முன்னாடி மண்ணு பேசிடும் கருப்பையா" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

முகாமுக்கு எதிரே ஓர் ஆறு. அக்கரை வேறு நாடு. ஒரு மழை நாளில் ஆற்றோரம் ரோந்து போனவர்களில் மூன்று பேரைப் பிணமாகத் தூக்கி வந்தார்கள். வேறு கூரை இல்லாததால் என் சமையல் கொட்டகையில்தான் கிடத்தினோம். அதில் ஒருவன் முத்து. சிராங்கூன் ரோடு பையன், என் சோற்றைக் கிண்டல் பண்ணிக்கொண்டே மூன்று தட்டு சாப்பிடுகிறவன். சார் தன் கையாலேயே சேற்றைக் கழுவினார். நான் தண்ணீர் ஊற்றினேன். முதுகில் ஒரு சின்னத் துளை, சுண்டுவிரல் நுழையும் அளவு. திருப்பிப் போட்டால் நெஞ்சு என்று ஒன்று இல்லை. எலும்பும் சட்டைத் துணியும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே.

சார் மழையிலேயே ஆற்றோரம் போனார். அக்கரையிலிருந்து யாரும் ஏறி வந்த தடம் இல்லை. செத்தவர்கள் கிடந்த இடத்துக்குப் பின்னால், புதருக்குள், நம் படைத் துப்பாக்கியின் வெற்றுத் தோட்டாக்கள் குவியலாகக் கிடந்தன. முன்னால் போன மூன்று பேரின் சத்தத்தை எதிரி என்று நினைத்து, பின்னால் வந்தவர்கள் பயத்தில் சுட்டுவிட்டார்கள். அதை அப்படியே மேலிடத்துக்குச் சொன்னார்.

ஆனால் ரேடியோவில் வந்தது வேறு. எதிரிகள் ஆற்றைக் கடந்து வந்து நம் வீரர்கள் மூவரைக் கொன்றார்கள், இனிப் பொறுப்பதற்கில்லை என்று அப்போது எங்களை ஆண்ட அரசாங்கம் அறிவித்தது. அன்றைக்கே பீரங்கி முழங்கியது. என் கொட்டகையில் அடுப்புக் கல் ஆடியது. சண்டை அப்படித்தான் ஆற்றைத் தாண்டியது.

பிறகு, அக்கரைக் கிராமத்தில் ஆயுதம் இருந்ததா என்று பார்த்து வரச் சாரையே அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் பூட்ஸைக் கழற்றாமல் என் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெல் இருந்தது, எரிந்து கரியாக இருந்தது என்றார். ஒரு எருமை குடல் சரிந்து இன்னும் நின்றுகொண்டிருந்தது என்றார். பிள்ளைகளை ஒரு வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், குண்டு அந்த வீட்டில்தான் விழுந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது, எந்தக் கை எந்தப் பிள்ளையுடையது என்று ஒரு தாய் எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தாள் என்றார். ஆயுதம் எதுவும் இல்லை. அதையும் மேலிடத்துக்குச் சொன்னார். வாயை மூடிக்கொண்டிருக்கும்படி உத்தரவு வந்தது. சத்தியம் செய்து வேலைக்குச் சேர்ந்தவர், மூடிக்கொண்டிருந்தார்.

படை கலைந்த பிறகு எல்லோரும் சிங்கப்பூர் திரும்பினோம். நான் கறிக்கடைக்கு வந்தேன். சார் குவீன்ஸ்டவுனில் குடியிருந்து, ஒரு கிடங்கில் கணக்கு வேலை பார்த்தார். செத்த மூவரின் குடும்பங்களும் நண்பர்களும் சங்கம் மாதிரி ஒன்று வைத்துக்கொண்டு, வருஷா வருஷம் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் படத்துக்கு மாலை போடுவார்கள். தலைவர் எழுந்து, எதிரி ஆற்றைக் கடந்து வந்த கதையைச் சொல்லுவார். கூட்டம் கைதட்டும்.

எழுபதுகளின் நடுவில், அந்தச் சண்டையில் சாருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார மேஜர், ஓய்வு பெற்று லண்டனில் இருந்தவர், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். கிழவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று அங்கே அரசாங்கத் தரப்பில் பதில் சொன்னார்கள். சார் என் கடைக்கு வந்தார். "மேஜர் இங்கிலீஷ்ல சொல்லிட்டாரு. முத்தோட அம்மாவுக்கு யாரு சொல்றது?" என்றார். நானும் வருகிறேன் என்றேன்.

அந்த வருஷக் கூட்டத்தில் சார் எழுந்து நின்றார். நல்ல தமிழில், நிதானமாக, எதிரி வரவில்லை என்றார். எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். மூன்று பேருக்கும் குண்டு முதுகில் பட்டிருந்தது என்றார்.

அவருக்கு அது சாட்சி. அங்கே இருந்தவர்களுக்கு அது புறமுதுகு. நம் ஆட்களிடம் ஒரு வீரனுக்கு முதுகில் காயம் என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தை பேச யார் விடுவார்கள்? "ஓடுனான்னு சொல்றியாடா?" என்று ஒரு குரல். செத்த இன்னொருவனின் அண்ணன் கோவிந்தன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், நாற்காலியை மடக்கிச் சாரின் தலையில் அடித்தான். நானும் பார்த்தேன் என்று கத்தினேன். என் முன்பல் இரண்டும் அங்கேயே போயின. கீழே விழுந்த சாரை மிதித்தார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கறிக்கடைக்காரனுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

முத்துவின் தாய் அஞ்சலையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மிளகாய் அரைக்கிற மில்லில் வேலை, அங்கிருந்து நேரே வந்திருந்தார். மிளகாய் ஊறிய கையால் சாரின் முகத்தில் மாறி மாறி அறைந்தார். அடிபட்ட வலியைவிட அந்தக் காரம் கண்ணில் இறங்கியதுதான் சாரைத் துடிக்க வைத்தது.

நாலைந்து நாள் கழித்து அந்தம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"முதுகுல எங்க?" என்றார்.

சார் என்னைத் திரும்பச் சொல்லி, என் இடது தோள்பட்டைக்குக் கீழே விரலை வைத்தார்.

"ஓடுனானா?"

"இல்லம்மா. ஓடறவன் முகாமைப் பார்த்து ஓடுவான். முத்து ஆத்தைப் பார்த்து விழுந்து கிடந்தான். எல்லாருக்கும் முன்னால போனவன் அவன். பின்னால வந்த நம்ம ஆளுங்கதான் பயத்துல சுட்டுட்டாங்க."

"அப்ப அக்கரையில எதுக்குச் சுட்டாங்க?"

சார் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தம்மாள் அதைப் பார்த்தார்.

"நான் நம்பல. கண்ணு இன்னும் எரியுதா?"

"எரியுதும்மா."

"எரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சார் பட்டது கொஞ்சமில்லை. அவர் வீட்டுக் கதவில் யாரோ ஒரு வாளி ஆட்டு ரத்தத்தை ஊற்றினார்கள். என் கடைப் பக்கத்திலிருந்துதான் வாங்கியிருப்பார்கள் என்று நான் குதித்தேன். சார் சிரித்தார், "விடு, உனக்கு வியாபாரம்" என்றார். கிடங்கு வேலை போயிற்று. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கூட்டத்துக்குப் போவார். கடைசி வரிசையில் உட்காருவார், எழுந்து நிற்பார், அதையே சொல்வார், தூக்கி வெளியே போடுவார்கள். ஒரு வருஷம் கோவிந்தனே அலுத்துப்போய், "சார், இந்த வருஷம் தூக்க ஆள் கம்மி, நீங்களே நடந்து போயிடுங்க லா" என்றான். சாரும் நடந்து போனார், வாசலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஏன் சார் இன்னும் என்று கேட்டால், "ரேடியோ ஒரு தடவை சொன்னதை இவங்க வருஷா வருஷம் சொல்றாங்க. நானும் சொல்லத்தானே வேணும்" என்பார்.

எண்பதுகள் பிறந்து ஒரு வருஷம், மாலை போட அஞ்சலையம்மாளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மாலையை வாங்கிக்கொண்டவர் படத்துக்குப் போடவில்லை. மைக் பக்கம் போனார். அன்று பின்னால் வந்த ரோந்துக்காரர்களில் ஒருவன் இங்கே பஸ் ஓட்டுகிறான் என்று தெரிந்து, அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டாராம். அவன் காலில் விழுந்து எழுந்திருக்கவே இல்லையாம். பிறகு சொன்னார்: "என் மவன் முதுகுலதான் வாங்குனான். முன்னால போனதால வாங்குனான். சுட்டது நம்ம ஆளு. அக்கரையில செத்ததுங்க நமக்கு ஒண்ணும் பண்ணல."

அப்புறம் மண்டபம் கலவரமாயிற்று. நாற்காலிகள் பறந்தன, கண்ணாடி உடைந்து படம் கீழே விழுந்தது. சோடா பாட்டில் ஒன்று அந்தம்மாளை நோக்கி வந்தபோது, சார் மேடையில் ஏறிக் கையை நீட்டினார். பாட்டில் முழங்கையில் உடைந்து, எலும்பு வெளியே தெரிந்தது. ரத்தம் வேட்டியெல்லாம் ஓட, அந்தம்மாளை அணைத்தபடி கூட்டத்துக்குள் நடத்திக்கொண்டு வந்தார். அந்தக் கை பிறகு மடங்கவே இல்லை. சங்கமும் அதோடு கலைந்தது. சிலர் சார் சொன்னதை நம்பினார்கள். பலர் இன்னும் நம்பவில்லை. எந்த அரசாங்கமும் இன்றுவரை ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை.

ஈசூனுக்குக் குடிபோன பிறகு மூச்சு அவருக்குச் சிரமமாகவே இருந்தது. முறிந்த விலா நுரையீரலை விட்டு வைக்கவில்லை.

சுவா சூ காங் கல்லறையில் அடக்கம். கோவிந்தன் வந்திருந்தான், ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நான் கூப்பிட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். அஞ்சலையம்மாளுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. என் தோளைப் பிடித்துக்கொண்டு குழி ஓரத்துக்கு வந்தார். சாமியார் ஜெபத்தை முடிக்கும்வரை காத்திருந்து, ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பது மாதிரி பேசினார்.

"சார், முத்து அங்க இருப்பான். அவங்கம்மா ஊரறியச் சொல்லிட்டான்னு அவன்கிட்டச் சொல்லுங்க. அக்கரைப் புள்ளைங்களும் அங்கதான் இருக்கும். அதுங்ககிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க."

மண்ணைப் போட்டார். பெட்டியின் மேல் அது விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் உடனே இரண்டாவது பிடியைப் போட முன்வரவில்லை. பிறகு நான் போட்டேன்.

போய் வாருங்கள் சார். அந்தப் பிள்ளைகளிடம் நிதானமாகப் பேசுங்கள். அங்கே உங்களை யாரும் தூக்கி வெளியே போடமாட்டார்கள்.