அக்கிக்கு எழுதிய சிங்கம்

ராக்காயிக்கு யாரையும் நம்புவதில் கஞ்சத்தனம் கிடையாது. அதுதான் அவளுக்கு வந்த கேடு.

மலேசியாவில் காம்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். எழுபத்தொன்பதாம் வருஷம் தம்பி அர்ச்சுனனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனபோது, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அவன் பெண்டாட்டி பாப்பாவுக்கு ரத்தம் சேரவில்லை. அண்ணன்மாருக்கு அன்றைக்குப் பார்த்து ஆயிரம் வேலை. இவள் ஒன்றும் கேட்காமல் கோலாலம்பூருக்குப் போய்ப் படுத்தாள். அப்புறம் பால் வாளி தூக்கினால் விலாவோரத் தழும்பு இழுத்துப் பிடித்தது. தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் என் வீட்டுக்கும் அர்ச்சுனன் வீட்டுக்கும் நடுவில் குடியேறி, பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கினாள். அதற்காக அவள் நொந்துகொண்டு நான் கேட்டதில்லை. கொடுத்தது தம்பிக்குள் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவள் கவலை. காலையில் வேலைக்குப் போகுமுன் அவன் வாசலில் நிற்பாள்.

"மாத்திர போட்டியாடா?"

"போட்டேன்க்கா."

அதைக் காதால் கேட்ட பிறகுதான் தெருவில் இறங்குவாள்.

மூன்றாம் வருஷம் அர்ச்சுனனுக்கு முதுகிலிருந்து மார்பு வரை ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளம்பியது. சட்டை பட்டாலே துடித்தான். டாக்டர் விஸ்வலிங்கம் பார்த்ததும் அக்கி என்றார். புதுச் சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாதபடி அந்த மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்பைக் குறைத்து வைக்கின்றன, அந்த நேரம் பார்த்து, சின்ன வயதில் வந்து உள்ளேயே பதுங்கிக் கிடந்த அம்மைக் கிருமி தலை தூக்குகிறது என்று விளக்கினார். ஒரு மாத்திரையைக் குறைத்தார். மற்றதை எது வந்தாலும் நிறுத்தக் கூடாது என்று ராக்காயியைப் பார்த்தே சொன்னார்.

எரிச்சல் அடங்கவில்லை. பாப்பா லகாட்டிலிருந்து பிச்சைமுத்துவைக் கூட்டிவந்தாள். அவர் ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை பார்த்தவர், பானை வனைந்தே அறியாதவர். ஆனாலும் குயவர் வீட்டுப் பிள்ளை, அக்கி எழுத அந்தக் கைதான் வேண்டும். காவியைக் குழைத்து, கோழியிறகால் கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதினார். எழுதினால் அக்கி ஆறும் என்பதில் ராக்காயிக்கும் சந்தேகமில்லை.

"எழுதுங்கண்ணே, வேணாங்கல. மாத்திர மட்டும் நிக்கக் கூடாதுலா" என்றாள்.

காவிக்கும் இங்கிலீஷ் மருந்துக்கும் ஆகாது, அந்தச் சூட்டில்தான் அக்கியே வந்தது என்றார் பிச்சைமுத்து. அர்ச்சுனன் இரண்டு பேருக்கும் தலையாட்டினான்.

மறுநாளும் அவள் வாசலில் நின்று கேட்டாள். போட்டேன் என்றான். பாப்பா தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கொப்புளம் காய்ந்தது. அது தானாகவே காய்ந்திருக்கும், பேர் சிங்கத்துக்குப் போனது. பிறகு அர்ச்சுனனுக்குக் கால் வீங்கியது, முகம் உப்பியது, மூத்திரம் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது.

ஆஸ்பத்திரிக்கு ராக்காயியோடு நானும் போனேன். மாத்திரையை ஒழுங்காகப் போட்டானா என்று டாக்டர் கேட்டதற்கு அர்ச்சுனன் சுவரைப் பார்த்தான். பாப்பாதான் அழுதுகொண்டே சொன்னாள். சிங்கம் எழுதிய அன்றே மாத்திரைகளை நிறுத்திவிட்டார்களாம். அக்கி இறங்கும்வரைதான் என்று நினைத்தார்களாம். அக்காவுக்குத் தெரிந்தால் விடமாட்டார் என்று மறைத்தார்களாம்.

பிச்சைமுத்துவின் மேல் எனக்குக் கோபமில்லை. நம்பியதை முகத்துக்கு நேராகச் சொன்னார். தினமும் வாசலில் வந்து நின்றவளின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன இந்த இரண்டு பேரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் வேறென்ன?

ராக்காயி அவர்களைத் திட்டவில்லை. டாக்டரிடம் திரும்பினாள்.

"அத எடுத்து எனக்கே வச்சிர முடியுமா டாக்டர்?"

அது செத்துப்போய்விட்டது என்று அவர் மெதுவாகச் சொன்னார். அவள் கை விலாவோரத்துக்குப் போனது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் கஞ்சியோடு வந்தாள். தூக்குச்சட்டியைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அர்ச்சுனன்தான் வாயைத் திறந்தான்.

"மாத்திர போட்டேன்க்கா."

"நான் கேக்கலயே" என்றாள் ராக்காயி.