காதர் பாயின் இடது சிறுநீரகம்

1. செவ்வாய்க்கிழமை காலை காதர் பாயின் கை நரம்பில் மருந்து ஏற்றினோம்.

2. முதல் எக்ஸ்ரே படத்தில் வலது சிறுநீரகம் புகை மாதிரி தெரிந்தது. இடது தெரியவே இல்லை.

3. கொஞ்ச நேரம் விட்டு எடுத்த அடுத்த படத்திலும் அப்படியே.

4. "இடது கிட்னி செத்துப்போச்சு போலிருக்கு. மதுரைக்கு அனுப்பி எடுத்துடச் சொல்லலாம்" என்றார் டாக்டர்.

5. அதற்குள் பாய் இரண்டு தடவை கழிப்பறைக்கு ஓடிவிட்டு வந்தார்.

நாலாவதைப் படித்துப் பதறிவிட்டீர்களா? நான் பதறியது ஐந்தாவதைப் பார்த்து!

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. எலும்பு என்றால் சுலபம், படத்தில் பளிச்சென்று நிற்கும். சிறுநீரகம் அப்படி நிற்காது. ஆனால் அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றினால், சிறுநீரகம் அதை ரத்தத்திலிருந்து வடித்து எடுக்கும். மருந்து போகிற வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதாவது, வேலை செய்கிற சிறுநீரகம் தன் படத்தைத் தானே வரைந்து காட்டும்! ஒவ்வொரு தடவையும் எனக்கு இது புதிதாகத்தான் இருக்கிறது.

ஒரு நிபந்தனை உண்டு. முதல் நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் மருந்து நீர்த்துப்போய்ப் படம் மங்கிவிடும்.

காதர் பாய் எங்கள் கொடைக்கானல் பஜாரில் பேரிக்காய் வியாபாரி. வத்தலக்குண்டு பஸ்ஸின் மேல் கூடைகளைத் தானே தூக்கி ஏற்றுகிற மனிதர். சமீபமாக இடது விலாவுக்குக் கீழே வலி வந்தால் சுருண்டு படுத்துவிடுகிறார்.

"பாய், ராத்திரி தண்ணி குடிச்சீங்களா?"

"ராத்திரியா? ஒரு சொட்டு கெடையாதும்மா."

"அப்போ எப்பக் குடிச்சீங்க?"

"வெள்ளனே. பாங்கு சொல்றதுக்கு முந்தி."

கதவோரம் நின்ற அவர் மனைவி ஜைனம்பு அக்கா பெருமையாகச் சேர்ந்துகொண்டார். "நோன்பு மாதிரி இருக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்கள்ல? நான்தான் எழுப்பிவிட்டு, இடியாப்பம் குடுத்து, ஒரு செம்புத் தண்ணியும் குடிக்க வெச்சேன். பகல் பூரா தாங்கணுமே!"

நர்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாய்க்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டோம் என்று முதல் நாளெல்லாம் பூரித்துப்போயிருந்தவர். பாய்க்குப் புரிந்துதான் இருந்தது. விடிவதற்குள் வயிறார உண்டு, குடித்துவிட்டு, அதன் பிறகு தொடங்குவதுதானே நோன்பு? அவர் முறைப்படி ஒரு குறையும் வைக்கவில்லை.

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். படங்களை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வலது மங்கலா இருக்கிறதுக்குக் காரணம் சரி. இடதுல ஒண்ணுமே இல்லையே?"

"செத்திருக்கலாம் டாக்டர். இல்லை, குழாயில கல் அடைச்சு மெதுவா வேலை செய்யலாம். அப்படின்னா மருந்து வந்து சேரவே மணிக்கணக்காகுமே?"

"இன்னொரு ஊசி போட்டுப் பார்க்கலாம்னா மருந்து மதுரையிலேர்ந்து வரணும்..." அவர் யோசித்தார். "சரி, ஏத்தின மருந்து உள்ளேதான் இருக்கு. காத்திருந்து படம் எடுங்க. சாயங்காலத்துக்குள்ள தெரியலைன்னா மதுரைக்கு லெட்டர் எழுதிடறேன்."

காத்திருந்தோம். உச்சிப்பொழுதில் ஒரு படம். இடது பக்கம் வெறுமை.

"ஏம்மா, ஒண்ண அறுத்து எடுத்துட்டா இவரால கூடை தூக்க முடியுமா?" ஜைனம்பு அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"ஏ புள்ள, டாக்டரு இன்னும் கத்தியவே எடுக்கல. நீ அதுக்குள்ள கடையவே மூடிட்ட!" என்றார் பாய். சிரித்தார்தான். ஆனால் அவர் கை இடது விலாவை விட்டு நகரவில்லை.

மூன்று மணிக்கு மேல், ஜன்னலில் மேகம் வந்து அடைத்துக்கொண்ட நேரத்தில், இன்னொரு படம் எடுத்தேன்.

சென்னையில் படித்தபோது, படம் கழுவுகிற மருந்துத் தொட்டியைச் சுற்றி ஐஸ் வைத்துக் குளிர்விப்போம். இங்கே தலைகீழ். சமையலறையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து தொட்டியைச் சூடாக்காவிட்டால் படம் எழும்பவே எழும்பாது. அன்று இரண்டு வாளி வாங்கினேன். இருட்டறையில் சிவப்பு விளக்கு. பிலிமை முக்கினேன்.

முதலில் விலா எலும்புகள் வந்தன. முதுகெலும்பு வந்தது. இடது பக்கம் கறுத்துக்கொண்டே போனது... போச்சு என்று நினைத்தேன்.

இல்லை! கறுப்புக்கு நடுவே வெளுப்பாக ஒரு கிண்ணம். அதிலிருந்து கீழே இறங்குகிற ஒரு கோடு. இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் கோடு டக்கென்று நின்றது. கல் இருப்பது அங்கேதான்!

பிலிமை இன்னொரு மருந்தில் போட்டு நிலைப்படுத்த வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு நீளம் தெரியுமா? அலசி எடுத்து, ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். அப்புறம் பேனாவை மூடினார்.

"உயிரோட இருக்கு. அடைப்புதான். பொறுத்துப் பார்ப்போம்."

வெளியே வந்து நான் சொல்லி முடிப்பதற்குள் ஜைனம்பு அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் கைகளில் மருந்து நாற்றம். அவர் விடவில்லை.

"இப்பவாச்சும் ஒரு டீ குடிக்கலாமா, போட்டோம்மா?" என்றார் பாய்.

இன்றைய நிலவரம் இது: மதுரைக்கு லெட்டர் போகவில்லை. கல் இன்னும் இறங்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் பாயிடமே இருக்கின்றன.